கூட வருபவர்

என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரையாவது எழுதித் தரச் சொல்லலாம் என்றால், அவர்களிடம் போய்க் கேட்க வேண்டுமே. அது எனக்கு எழுதுவதைவிடக் கஷ்டம்.

என் முன்னால் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோனது. அதில் டாக்டர் ஐயா பேனாவால் முதுகெலும்பு வரைந்திருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கீழே இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு துருத்தல். சேலைக் கரையில் முடிச்சு விழுந்தால் இப்படித்தான் தெரியும். படத்துக்குக் கீழே ‘கூட வருபவர்’ என்று எழுதி, பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டின்மேல் ஒன்றும் இல்லை.

அவர் முதுகெலும்புக்கு ஆபரேஷன் செய்கிறவர். அறையில் அவருடைய நாற்காலி வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கமாட்டார். முதலில் நாம் நடந்து வருவதைப் பார்ப்பார். பல வருஷத்துக்கு முன்பு நான் முதலில் போன அன்று என் இடது செருப்பு வராந்தாவிலேயே கழன்றுபோயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். அவர் எழுந்து வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாதத்தில் சாயக்கறை இருந்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கீழே அழுத்தச் சொன்னார். முப்பது வருஷம் தறியின் மிதிகட்டையை மிதித்த கால். அழுத்தியதில் அவர் முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னார். விரல் அசையவில்லை.

“அழுத்தற வேலையே செஞ்சதால உங்களுக்குத் தெரியல. தூக்கற பலம் போய்க்கிட்டிருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா அது திரும்பாது” என்றார். பிறகு, கூட யார் வருவார்கள் என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டாள். கல்யாணம் ஆகவில்லை. தம்பி பெங்களூருக்குப் போனவன், போனவன்தான். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? அவரே, “தெருவுல பாவு நீட்டறப்போ அந்த முனைய யாரு பிடிப்பாங்க?” என்றார். தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறாராம். தெருவில் நூல் நீட்டியிருந்தால் காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

“எதிர் வீட்டுக்காரருங்க.”

“அப்புறம் என்ன? அவரைக் கூட்டிட்டு வாங்க.”

நான் கூட்டிப் போகவில்லை. எங்கள் தெருவில் பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றும் நூலைத் தெருநீளம் நீட்டிக் கட்ட, ஆள் கூப்பிடும் வழக்கமே கிடையாது. விடியும்போது தெருவில் கழிகளை நட்டால் போதும், ஆட்கள் தானாக வந்து நூலைப் பிடித்துக்கொள்வார்கள். இதற்கும் எதிர் வீட்டுக்காரரே பார்த்துவிட்டு வந்து கேட்பார் என்று இருந்துவிட்டேன். இடுப்பு வலிக்கு யார் வாசலில் கழி நடுகிறார்கள்? ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் எதிர் வீட்டில் பாவு. நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். இடது கால் தரையில் தட்டி, பாவின்மேலேயே விழுந்தேன். கொத்தாக நூல் அறுந்தது. எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து நூலைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து இந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

“இழை அறுந்தா மட்டும் எங்க வூட்டுக்கு ஓடியாற. இடுப்பு ஒடிஞ்சா சொல்ல மாட்டியா? இன்னா ஆளுபா நீ” என்றார். பாவைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, அன்றைக்கே என்னை அழைத்துப் போனார்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று எதிர் வீட்டுக்காரர் கேட்க, “எதிர் வீடுன்னே போடுங்க” என்றார் டாக்டர் ஐயா. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை அவரே வந்தார். முதுகு முறுக்காமல், இரண்டு பேராகச் சேர்ந்து என்னை ஒரே சமமாகத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். “பாவு உருட்டற மாதிரிதான சார்? உடுங்க, நாங்க பார்க்காததா” என்றார் எதிர் வீட்டுக்காரர். டாக்டர் ஐயா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வலி போயிற்று. மறுபடி தறியில் உட்கார்ந்தேன். கட்டை விரல் மட்டும் பாதிதான் எழும்புகிறது. “அந்த ஒன்பது நாள்” என்று ஆரம்பித்த டாக்டர் ஐயா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இடது செருப்புக்குக் குதிகாலில் ஒரு வார் வைத்துத் தைக்கச் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் ஜன்னல் வழியாக அவருடைய கார் தெரியும். மத்தியானத்தில் கார்க் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டு, டிபன் டப்பாவிலிருந்து தனியாகச் சாப்பிடுவார். வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் காலைக் காட்டப் போனேன். நாற்காலியில் வேறொரு டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. சீட்டு எழுதும் அம்மாதான் சொன்னார்: “சாரு வேலைய உட்டுட்டாருபா. சென்னைல ஃபிளாட்ல இருக்குறாரு. அவரு வூட்டம்மா போயி ரொம்ப வருஷம் ஆச்சு, தனியாத்தான் இருக்குறாரு. இப்ப அவருக்கும் ஏதோ ஆபரேஷன்னு பேசிக்கினாங்க.”

விலாசம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். கேட்காமலே வந்துவிட்டேன்.

ஃபிளாட்டிலும் எதிர்க் கதவு ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பவருக்கு இவரைத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கூட யார் வருவார்கள் என்று பார்த்த அன்றைக்கே என்னிடம் அவர் கேட்ட கேள்வியை, இத்தனை வருஷம் போய்வந்தும் நான் ஒருநாள்கூட அவரிடம் கேட்டதில்லை. நாளைக்குப் போய் விலாசம் வாங்க வேண்டும். வாய் எழாவிட்டால் இந்தச் சீட்டை அந்த அம்மாவிடம் நீட்டிவிடலாம். அதற்காகத்தான், அவர் போட்ட கோட்டின்மேல் இப்போதுதான் என் பெயரை எழுதினேன். கோணலாகத்தான் விழுந்திருக்கிறது.

பங்குனி 14, வெள்ளிக்கிழமை.