வகுபட்ட எண்

என் கணவருக்கு ஒரு பெரிய எண்ணின் மேல் பைத்தியம். நூற்றைம்பது இலக்கம். அது பகா எண் இல்லை என்று சோதனை சொல்லிவிட்டது; எந்த எண்களால் வகுபடும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் ஓடவிட்டிருந்தார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மாரடைத்து விழுந்து போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தும் நான் அதை அணைக்கவில்லை. அவர் தொடங்கிவைத்த ஒரு வேலை வீட்டில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது போதும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரைப் பார்க்க ஓடுவேன்.

ஒரு காலையில் திரையில் இரண்டு நீளமான எண்கள் வந்து நின்றன. அவருடைய ஆபீஸ் நண்பரை வரவழைத்தேன். அவர் இரண்டையும் பெருக்கிப் பார்த்தார்.

"சரியா வருதுக்கா. ரெண்டுமே ப்ரைம் நம்பர். இதுக்கு மேல உடைக்க முடியாது. வேலை முடிஞ்சிடுச்சு, ஆஃப் பண்ணிடட்டுமா?"

சாவு வீட்டில் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

"வேற ஏதாவது நம்பர் இருந்தா போட்டுக் குடுங்க தம்பி" என்றேன்.

நண்பர் பீர்க்கன்கரணையிலுள்ள தன் வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு எண்ணை ஓடவிட்டுப் போனார்.