பயக் கொப்பி

இணுவிலில் பல் டொக்டர் பஞ்சலிங்கத்திடம் போன எவரும் இராசாத்தியை மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூற்றோராம் ஆண்டு அது. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை டொக்டர் யன்னல் வெளிச்சத்தில், உளியும் சுத்தியலும் வைத்துத்தான் எடுப்பார். நோயாளிக்கு எவ்வளவு பயம் என்று தெரியாமல் தட்டக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிச் சொல்லவென்றே இராசாத்தியை வைத்திருந்தார். கதிரையில் இருக்கும்போது எவ்வளவு, விறைப்பு ஊசிக்கு எவ்வளவு, தட்டும்போது எவ்வளவு என்று அவள் சொல்வதை எழுதிய கொப்பிக்குச் சனம் பயக் கொப்பி என்று பேர் வைத்தது.

அந்தக் கொப்பியில் ஒரு பொல்லாத விசயம் இருந்தது. யாருடைய நாடியாவது காரணமில்லாமல் எகிறினால், இரண்டு நிமிடத்தில் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்துவிடும். மூன்று தடவை அப்படி நடந்தபின் டொக்டர் கேள்வி கேட்பதை விட்டார். "எகிறுது ஐயா" என்று இராசாத்தி சொன்னால் எல்லோரும் முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் இறங்கிவிடுவார்கள். மனித இரத்தத்துக்கு முன்கூட்டியே தெரியுமாக்கும் என்று ஊரில் கதை.

இராசாத்தியின் மனதில் ஒரு கள்ளம் இருந்தது. எண்பத்தேழில் ஷெல் விழுந்து எரிந்த வீட்டுக்குள்ளிருந்து புருசனை இழுத்தெடுக்கப் போய், அவரும் பிழைக்கவில்லை, இவளுடைய விரல்களும் வெந்து மரத்துப்போயின. பெருவிரல்கள் மட்டும் தப்பின. வேலைக்குச் சேரும்போது அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பெண் பிள்ளைகளும் பட்டினி.

அன்று காலை கொழும்புத்துறையிலிருந்து யாகோப்பு வந்திருந்தார். கடலுக்குப் போகிற ஆள், ஆனால் உளியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டொக்டர் தட்டத் தொடங்கினார்.

"எவ்வளவு?"

"எண்பத்தெட்டு, ஐயா."

"இப்ப?"

"தொண்ணூறு."

நல்ல கணக்குத்தான். ஆனால் யாகோப்பின் உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை கொட்டியது. டொக்டர் சுத்தியலைப் போட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்தார். முப்பத்தெட்டு.

கதிரையைச் சரித்து, காலைத் தூக்கி, மனிதனுக்கு நினைவு திரும்ப வைத்தார். அதன்பிறகுதான் டொக்டர் அவளுடைய பிடியைப் பார்த்தார்.

"பெருவிரலாலேயே பிடிக்கிறனீர்? அதுக்குள்ளை உம்மடை நாடியெல்லோ அடிக்கும்!"

"மற்ற விரலுகளிலை உணர்ச்சி இல்லை ஐயா. சொன்னா வேலை போயிடும் எண்டு..."

"இந்த மனுசன் செத்திருப்பார்!"

அவள் அழுதாள். டொக்டர் கொப்பியைப் புரட்டினார். நூற்றுக்கு மேல் பெயர்கள். அத்தனை பேருக்கும் நேராக எழுதியிருந்தது ஒரே பெண்ணின் பயம். புரட்டிய கை ஓரிடத்தில் நின்றது.

"அப்ப பொம்மருக்கு முன்னம் எகிறினது..."

முடிக்காமல் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்தார். தொண்ணூற்றாறு. அழுதவளுக்கு அது நியாயம். பிறகு அவருடைய முகம் மாறியது.

"நூற்றிமுப்பது. என்னம்மா செய்யுது உமக்கு?"

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை ஐயா. சும்மாதானே இருக்கிறன்."

வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வேலியில் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. டொக்டர் யாகோப்பின் வாயில் பஞ்சை அடைத்து, தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார்.

"அவரின்ரை காலைப் பிடியும். கெதியா!"

மூவரும் பங்கருக்குள் இறங்கியபின்தான் பொம்மரின் இரைச்சல் கேட்டது.

வேலை போகவில்லை. அடுத்த நாளிலிருந்து நோயாளியின் நாடியை டொக்டரே பிடித்தார். இராசாத்திக்குத் தன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, இடையிடையே அவளுடைய மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டார். கொப்பியில் அவளுக்கென்று தனிப் பக்கம்.

தன் கையைத் தானே தொட அவளுக்கு அச்சமாகிவிட்டது. குளிக்கும்போதுகூட மணிக்கட்டில் சவர்க்காரம் போட மாட்டாள். வீட்டில் சின்னவள் ஓடிவந்து நெஞ்சில் காதை வைத்தால் மெல்ல விலக்கிவிடுவாள். பிள்ளைக்குக் கேட்டுவிடுமே என்ற பயம்.