கொடிக்குப் பின்னால் வரும் பெய்ஜென்

சீனாவின் சூஜோ ஊர்க்காரர்களான எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் கையை ஓங்குவதற்கு முன் அனுமதி கேட்போம். "ரெண்டு அறை வைக்கட்டுமா, ருசி பாக்குறியா?" என்போம். கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். என் பக்கத்து வீட்டு காவோ தெஷெங் கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் இப்படிக் கேட்டு வந்தவர். "குடுக்கிறதுன்னா சூடாக் குடு, ஆறிப்போனது எனக்கு வேண்டாம்" என்று அடுப்படியிலிருந்து பெய்ஜென் பதில் கொடுப்பாள். சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். அறை மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை.

காவோ பழைய தோட்டமொன்றைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. அதன் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் நான். அதே குளம், அதே வளைந்த பாலம், தினமும் அதே பேச்சு. மனிதர் அலுத்துப்போய்விட்டார். ஓய்வெடுக்கலாம் என்றிருந்த வயதில் பெய்ஜெனுக்கு ஞாபகம் மங்கிப்போனது. வீட்டில் விட்டால் கால்வாய்ப் பக்கம் போய்விடுகிறாள் என்று கூடவே அழைத்து வந்தார். அவர் தன் புருஷன் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வெளியூர்ப் பயணி என்று தன்னை நினைத்துக்கொண்டு, அவருடைய மஞ்சள் கொடிக்குப் பின்னால் நடப்பாள். நானும் கண்டுகொள்ளாமல் உள்ளே விடுவேன். ஒருமுறை அவள் தொலைந்து கிடைத்தபோதே, இன்னொரு தடவை நடந்தால் அனுமதி கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அப்புறம் முதியோர் இல்லம்தான்.

நேற்று தோட்டத்துப் பாறைக் குகைகளுக்குள் போனவளைக் காணவில்லை. வழி தெரிந்தவர்களே சுற்றிச் சுற்றி வரும் இடம் அது. நான் வாசலை விட்டு ஓடினேன்.

"மைக்ல சொல்லவா அண்ணே?"

"வேணாம்மா. மேனேஜர் காதுல விழுந்துரும்."

காவோ அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். தன் பெயரும் அவளுக்கு அந்நியமாகிவிட்டது போல. கடைசியில் ஒரு கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். அத்தனை வருஷத்து அசதியும் சேர்ந்து வர, கத்தினார்.

"ஏய்! ரெண்டு அறை வைக்கட்டுமா, ருசி பாக்குறியா?"

வடக்கேயிருந்து வந்திருந்த கூட்டம் சிரித்தது. "அடிக்கிறதுக்குக்கூட அப்ளிகேஷனா சார்?" என்றான் ஒருவன். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது, கேட்காமலே.

குகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"குடுக்கிறதுன்னா சூடாக் குடு, ஆறிப்போனது எனக்கு வேண்டாம்!"

காவோ எழவில்லை, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பெய்ஜென் குனிந்து வெளியே வந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன கைடு சார், உக்காந்துட்டீங்க? கொடியத் தூக்குங்க. நாங்க எப்படிப் பின்னாடி வர்றது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியைத் தூக்கினார்.