மருந்து வைக்காத குழிகள்

எங்கள் கிணற்றில் பாறை உடைக்க வந்த வெடிக்காரர் ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் உள்ளங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

கிணற்றை ஒட்டித்தான் என் வீடு. கரிசல் மண் வெடித்து, சுவரில் ஏற்கெனவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். இன்னொரு அதிர்வைத் தாங்காது. அவரோ நடுவில் போட்ட குழிகளில் மட்டும் வெடிமருந்து வைத்தார்; வீட்டுப் பக்கம் நெருக்கமாக ஒரு வரிசை குழி போட்டு, அவற்றில் ஒன்றிலும் மருந்து வைக்கவில்லை.

“எதுக்குவே வெறுங்குழி? ஏமாத்துதீரா?” என்று கத்தினேன்.

“பாறை மேல லாரியை நிறுத்துனாலும் தாங்கும் அண்ணாச்சி. ஒரே நொடியில அடிச்சா தாங்காது, கண்ணாடியில ஓடுத மாதிரி கீறல் ஓடும். அந்தக் கீறல் இந்தக் குழியோட நின்னுரும்.”

“நிக்கலைன்னா?”

“நானே சுவரு கட்டித்தாரேன். இப்ப வீட்ல உள்ளவியள கூட்டிட்டு அங்கன தள்ளி நில்லுங்க.”

வெடித்தது. பாறை அந்தக் குழி வரிசையோடு நேராகப் பிளந்து நின்றது. ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புகூட உதிரவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “சாப்பிட்டுட்டுப் போரும்” என்றேன். சாப்பிட்டார், குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். காலையிலிருந்து அவ்வளவு திட்டியும் அந்த மனிதருக்கு ஏன் கோபமே வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.