மூச்சை அடக்கிய சங்குகுளிக்காரர்

துறைமுக அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோதும், யாரும் சொல்லுமுன்பே கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு முன் உள்ளே போனவர் கடலில் சங்கு குளிப்பவர். உப்பில் செம்பட்டையான தலை, அகன்ற தோள், தடுமாறும் கால்கள். பழைய ஸ்கேனில் தண்டுவடம் நன்றாக இருந்ததால், அவர் நடிப்பதாக, கூடப் படகில் போகும் வள்ளத்து ஆட்கள் பேசினார்களாம்; வெளியே என்னோடு காத்திருந்த அவர் மனைவி சொன்னார். இன்று எடுப்பது புது முறை. நரம்பிழைகளில் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும்.

திடீரென்று டெக்னீஷியன் உள்ளே ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த திரையில் அவருடைய மூச்சுக் கோடு தட்டையாகக் கிடந்தது.

“அண்ணாச்சி, அசையாதீங்கன்னுதான சொன்னேன்? மூச்ச நிறுத்தவா சொன்னேன்?”

“மூச்சு விட்டா உடம்பு அசையும்லா தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவேன்.”

பிறகு டாக்டர் வண்ணப் படத்தோடு வெளியே வந்தார். “இந்த இடத்துல இழை சிதைஞ்சிருக்கு. இனிமே கடல்ல முங்கக் கூடாது.”

சங்குகுளிக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. “ஏளா, பாத்தியா? நான் நடிக்கல” என்று மனைவியின் தோளை உலுக்கினார். “டாக்டர், இன்னொரு காப்பி குடுங்க. வள்ளத்துல ஒட்டணும்.”

கடல் தன்னைவிட்டுப் போய்விட்டது என்பது அவருக்கு எப்போது உறைத்ததோ, தெரியவில்லை. அன்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.