விலாங்குக் கடைக்காரரின் பரிநிர்வாணம்

எங்கள் எடோ நகரத்தில் விலாங்கு மீன் சுட்டு விற்கும் ஜின்பாச்சிக்கு வாய் பெரிது, மனசு சின்னப்பிள்ளை மனசு. அவருடைய முகத்தை எவனோ ஓர் ஓவியன் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்துப் படக்கடை வாசலில் தொங்கவிட்டுவிட்டான்.

இரண்டாம் மாதம் கோயிலில் மாட்டுவார்களே, புத்தர் உயிர் துறக்கும் பரிநிர்வாணப் படம், அதே அமைப்பு. நடுவில் கட்டில், சாய்ந்து படுத்த உடல், சுற்றிலும் கூட்டம். ஆனால் புத்தர் இடத்தில், குடித்துவிட்டுக் கிடக்கும் ஜின்பாச்சி. அழுகிற சீடர்களுக்குப் பதில் விலாங்குகள், வாலைத் தூக்கி ஆடிக்கொண்டு. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

படத்தைக் கிழிக்க வந்த ஜின்பாச்சியின் கையைப் பிடித்தான் ரொகுசுகே. குடைக்குக் காகிதம் ஒட்டுகிறவன்; படத்துக்கு அர்த்தம் சொல்ல அவனை விட்டால் ஆளில்லை.

"விடுங்கண்ணே. புத்தர் எடத்துல படுக்க வெச்சிருக்கான். எவ்ளோ பெரிய மரியாத."

"என்னடா மரியாத? என் சாவுக்கு ஒருத்தரும் அழல."

"இதோ, பூனை அழுவுது பாருங்க. புத்தருக்கே பூனை வரல. கோயில் படத்துல தேடினாலும் கெடைக்காது. உங்களுக்கு வந்திருக்கு."

"அது நான் போடற மீன்தலைக்கு அழுவுது."

அப்புறம் குரல் இறங்கியது. "ஒசாகி எங்கடா?"

ஒசாகி அவர் மனைவி. அவள் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வேதனையில் மனிதர் பாதியாகிவிட்டார்.

ரொகுசுகே வலது மேல்மூலையைக் காட்டினான். கோயில் படத்தில் புத்தரின் தாய் மேகத்தில் இறங்கி வரும் மூலை அது. இந்தப் படத்தில் அங்கே ஒசாகி இறங்கி வந்தாள், கையில் அடுப்பு விசிறியோடு.

"அழத்தான் வர்றாங்க."

"விசிறியோடவா? அடிக்க வர்றாடா."

அந்நேரம் ஒசாகியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஜின்பாச்சி கேட்டே விட்டார். "நான் செத்தா நீ அழுவியா, மாட்டியா?"

"அழுவேன். ஆனா அடுப்புல இருக்கறத கருக விட்டுட்டு அழ மாட்டேன். உங்க பேரு கெட்டுடும்."

சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்க நடந்தாள். ஜின்பாச்சி முகத்தைச் சட்டைக்கையில் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஊரே சிரித்த படத்தின் முன்னால் நின்று அழுதவர் அவர் ஒருவர்தான்.