சிவப்பு இழை கண்ட பிறகு

காத்தான்குடியில் தறி போட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கச்சி முகம்மது நெய்த கைலிச் சாரத்தை நனைத்துப் பிழிந்து நடு வெயிலில் போட்டாலும் கரை கோணாது என்று ஏறாவூர் வரைக்கும் பேச்சு இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். அடுத்தவன் தறியில் மிதித்துப் பழகி, சொந்தமாக ஒன்று, பிறகு நான்கு என்று போட்டு, மகள் நிஸ்மியாவுக்கு வீடும் கட்டி முடித்தார். வீடு நிமிர்ந்ததும் கலியாணப் பேச்சு தானாக வாசலுக்கு வந்தது. மாப்பிள்ளை றிஸ்லான். அவனுடைய வாப்பா அஹமட் ஹாஜியார் ஏறாவூரில் சாரக்கடை வைத்திருந்தார்.

சுனாமி வந்த காலையில் கச்சி முகம்மது கடற்கரையில் சாயம் போட்ட நூலைக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு வீட்டின் நிலைமரம் தண்ணீரோடு வந்து வலப்பக்கத் தலையில் அடித்தது. அந்தக் கரையில் இருந்த எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. இவர் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்து கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ட நூல் எங்க?"

கை கால் அசைந்தது. பேச்சும் பழையபடி நீளமாகவே இருந்தது. இனி என்ன குறை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இடத் தோள் தூணில் இடித்தால், "தூண உள்ளுக்குத் தள்ளிக் கட்டிப் போட்டான்" என்று மேசனுக்கு ஏச்சு விழும். தட்டையான சாப்பாட்டுக் கோப்பையில் வலப்பாதியைத் துப்புரவாக முடித்துவிட்டு, "இண்டைக்குச் சோறு காணாது" என்பார். மனைவி சபூரா கோப்பையைப் பாதி சுற்றி வைப்பார். "இப்ப சரி" என்று கணவர் மிச்சத்தையும் முடிப்பார். ஆறு மாதமாக மூன்று வேளையும் இது நடந்தது. மகளின் கலியாணம் முடியட்டும் என்று சபூரா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் சஹனைச் சுற்றி வைக்க யாரால் முடியும்? ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டம் அது. அவரவர் முன்னால் உள்ளதுதான் அவரவர் பங்கு. அஹமட் ஹாஜியார் வீட்டு விருந்தில் கச்சி முகம்மதுக்கு வலப்பக்கம் ஹாஜியார், இடப்பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன் றவூப். தன் பங்கின் வலப்பாதியை முடித்தவர், அப்படியே மேலும் வலப்பக்கம் போனார். ஹாஜியாருடைய சோறு போயிற்று. ஹாஜியார் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்த இறைச்சித் துண்டும் போயிற்று. றவூப் மூன்று முறை பேச்சுக் கொடுத்தார். சுவரோடு பேசியது போலத்தான்.

அடுத்த நாள் ஹாஜியாரிடமிருந்து செய்தி வந்தது. "தாய்மாமனை மனுசனா மதிக்காத வீட்டில என்ட மகன் காலடி வைக்கமாட்டான்." றிஸ்லான் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். கலியாணம் உண்டென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

"வாப்பா, றவூப் மாமாவோட ஏன் பேசல்ல?" என்று நிஸ்மியா அழாக்குறையாகக் கேட்டாள்.

"அவர் எங்க வந்த? அந்தப் பக்கம் ஒருத்தரும் இரிக்கல்லயே."

அதைக் கேட்ட சபூரா அன்றே அவரை மட்டக்களப்பு டவுனுக்கு பஸ் ஏற்றினார். அங்கே மெலிண்டா என்ற, ஐரோப்பிய வழிவந்த பறங்கி டாக்டர், சுனாமியில் தலையில் அடிபட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து ஆராய்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார். தாள் நிறையச் சின்னக் கோடுகள் போட்டுப் பென்சிலையும் நீட்டினார்.

"காக்கா, எல்லாக் கோட்டையும் வெட்டுங்க," என்றார், ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து.

"இதுக்கா டாக்டர் என்னக் கூப்பிட்ட? ஆயிரம் இழையில அறுந்த ஒண்ட இருட்டிலயும் பிடிப்பன் நான்." சடசடவென்று குறுக்கே கீறி வெட்டிவிட்டு நிமிர்ந்தார். "முடிஞ்சி."

டாக்டர் தாளைத் தலைகீழாகச் சுற்றி வைத்தார். இப்போது வலப்பக்கம் வந்த பாதித் தாளில் வெட்டாத கோடுகள்.

"இது ஆர் இப்ப போட்ட? டாக்டர், கண்ணக் கட்டி விளையாடுறீங்களா?"

"நீங்க வரக்குள்ளயே இருந்தது காக்கா. உங்கட கண்ணில பிழையில்ல. அடிபட்ட மூளைக்கு, இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே மறந்து போச்சு."

"மறதியா? எனக்கா?" என்று சிரித்தார். மணிக்கூடு ஒன்றின் படம் கீறச் சொன்னபோது பன்னிரண்டு இலக்கத்தையும் வலப்பாதிக்குள் அடுக்கிவிட்டு, "கிழமைக்கு ஒருக்கா சாவி கொடுத்தாப் போதும்" என்றார். சபூரா கோப்பை சுற்றிய கதையைச் சொன்னதும் டாக்டர் பேனையை வைத்துவிட்டு அந்த மனுசியையே பார்த்தார். பெரிய பெரிய ஆட்கள் படித்துக் கண்டுபிடித்ததை ஒரு குசினி அடுப்படியில் ஆறு மாதத்துக்கு முந்தியே ஒரு பெண் செய்து முடித்துவிட்டார்.

ஹாஜியாரை நம்பவைப்பதுதான் பெரிய பாடு. டாக்டர் கடிதம் கொடுத்தார். ஹாஜியார் மடித்துப் பைக்குள் வைத்தார். கடிதம் யாரும் எழுதலாமே. கச்சி முகம்மதுக்குக் கோபம் வந்து, சுனாமிக்குப் பிறகு நெய்த பத்துச் சாரத்தையும் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டார். "என்ட வேலையப் பாத்துச் சொல்லுங்க, நான் மரியாத தெரியாதவனா எண்டு."

ஹாஜியார் துணியைத் தடவித் தடவியே வளர்ந்தவர். விரித்துப் பார்த்தார். பத்திலும் வலக்கரை கம்பி போல. பத்திலும் இடக்கரை எலி கடித்த மாதிரி இழை தொங்கியது. ஒவ்வொன்றாக மறுபடி மடித்து வைத்தார்.

"ஒரு மனுசன் வேணுமெண்டு இப்படி நெய்ய ஏலாது," என்றார் கடைசியில். "ஆனா சம்மந்தி, கலியாணத்தண்டு ஊரே பாக்க சஹன்ல இரிக்கணும். அண்டைக்கும் இப்படி எண்டா, நான் சொன்னாலும் றவூப் கேக்கமாட்டார்."

டாக்டர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். தறியில் இடக்கரையோரம் ஒரு சிவப்பு இழை. சிவப்புக் கண்ணில் படும் வரைக்கும் தலை இடப்பக்கம் கிறுகித் திரும்பவேண்டும், பிறகுதான் அடுத்த இழை. முதல் மாதம் கழுத்து நோவு. "என்னக் கொக்காக்கிப் போட்டா அந்தப் பறங்கிப் பிள்ள" என்று புலம்பினார். ஆறு மாதத்தில் இடக்கரை நிமிர்ந்தது. ஒரு வருடத்தில் அந்த யோசனை தன்னுடையது என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினார். டாக்டருடைய ஆராய்ச்சியில் அவர் ஏழாம் ஆள். பெயர் போடமாட்டார்கள் என்றதில் மட்டும் மனம் ஆறவில்லை. "பேரில்லாம எழுதினா அது நான்தான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

நான்கு வருடம் இப்படிப் போனது. 2009இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தன. றிஸ்லானும் கத்தாரிலிருந்து வந்தான். நிஸ்மியாவுக்கு நாள் குறித்தார்கள்.

தறியில் தனக்கு இழை இருக்கிறது. சஹன் வைக்கும் பாயில் என்ன இருக்கிறது? கச்சி முகம்மது யோசித்தார். இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு நெய்தார். கலியாணத்தன்று ஒவ்வொரு சஹனுக்குக் கீழேயும் ஒரு வெள்ளை விரிப்பு, ஒரு பக்கம் மட்டும் சிவப்புக் கரை. நாற்பது சஹன், நாற்பது விரிப்பு. எது அவருக்கானது என்று ஒருவருக்கும் தெரியாது, புதுப் பாஷன் என்று நினைத்தார்கள்.

தன் இடத்தில் சிவப்புக் கரை இடப்பக்கம் வரும்படி உட்கார்ந்தார். வலப்பக்கம் ஹாஜியார், இடப்பக்கம் றவூப். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். ஹாஜியாரின் கண் சோற்றில் இல்லை, அந்தக் கையில்தான் இருந்தது. இரண்டு பிடி உண்டதும் கை மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. பாதியில் நின்றது. கச்சி முகம்மது தலையைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். சிவப்புத் தெரிந்தது. சிவப்புக்கு அப்பால் ஒரு தாடியும், தாடிக்கு மேலே றவூபும் தெரிந்தார்கள்.

சஹனின் நடுவில் இருந்த ஆகப் பெரிய இறைச்சித் துண்டை எடுத்து றவூபின் முன்னால் வைத்தார்.

"நாலு வருசத்துக்குப் பிறகு என்னக் கண்டீங்க காக்கா," என்றார் றவூப்.

"தாடி நரைச்சிப் போச்சே மச்சான். சாப்பிடுங்க." இன்னொரு துண்டு போனது. பிறகு இன்னொன்று. றவூபின் பக்கத்தில் சோறு மறைந்து இறைச்சியாகக் குவிந்தது. கச்சி முகம்மது கழுத்தைத் திருப்பியபடியே ஏழாம் ஆளின் கதையையும் தொடங்கிவிட்டார்.

அஹமட் ஹாஜியார் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சம்மந்தி, இந்தப் பக்கமும் ஒராள் இரிக்கன்."